கொல்லைப்புற ரயிலும் உள்ளே உட்காரும் பெட்டியும்

சங்கத்து மலருக்குக் கட்டுரை கேட்டபோது, இலக்கியம் எழுத நம்மிடையே புலவர் பெருமக்கள் இருக்கிறார்கள், நான் என் கைத்தொழிலைப் பற்றியே எழுதுகிறேன் என்று சொன்னேன். ரயில் பெட்டி வேலையில் பல வருஷம் கழித்தவன் நான். எங்கள் திருப்பதியில் கோயிலுக்கு அடுத்தபடி பேர் சொல்லக்கூடியது செட்டிபள்ளியில் இருக்கும் ரயில் பெட்டிப் பழுதுபார்ப்புப் பணிமனை. ஆகவே ரயில் பெட்டி என்பது இந்த ஊர்த் தமிழர்களுக்கு அந்நியமான விஷயம் இல்லை.

சமீப காலமாக என்னிடம் சிலர் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "சித்தூர்ப் பக்கம் மாந்தோப்பு இருக்குங்க. தோப்பைச் சுத்தி ஒரு சின்ன ரயில் போடலாமா? பேரப்பிள்ளைங்க ஏறிப் போற மாதிரி?" போடலாம். வெளிநாடுகளில் நூற்றைம்பது வருஷமாகப் போடுகிறார்கள். ஆனால் எஞ்சினைப் பற்றிக் கேட்கிற அளவுக்குப் பெட்டியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கஷ்டமும் ஆபத்தும் பெட்டியில்தான் இருக்கின்றன. அதனால் ஆள் உள்ளே உட்கார்ந்து போகிற பெட்டியை ஒரு சின்னப் பாதைக்கு எப்படிக் கட்டுவது என்பதை, கணக்கு தெரியாதவர்களுக்கும் புரியும்படி சொல்லப் பார்க்கிறேன்.

1. போகி எது, பெட்டி எது?

முதலில் ஒரு சொல் விளக்கம். நாமும் சரி, நம் தெலுங்கு நண்பர்களும் சரி, "பத்தாவது போகியில் ஏறு" என்று முழுப் பெட்டியையும் போகி என்கிறோம். பணிமனையில் போகி என்றால் பெட்டிக்கு அடியில் இருக்கும் சக்கர வண்டி மட்டுமே. இரண்டு அச்சு, நான்கு சக்கரம், ஸ்பிரிங் எல்லாம் சேர்ந்த ஒரு தனி வண்டி அது. ஒரு பெட்டிக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. நடுவில் ஒரு முளையில் அது திரும்பும். பெட்டி அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். இந்தக் கட்டுரையில் போகி என்று வரும் இடமெல்லாம் அந்தச் சக்கர வண்டியையே சொல்கிறேன்.

2. பாதை சுருங்கும், மனிதன் சுருங்கமாட்டான்

நம் பகுதி பலவகைப் பாதைகளைப் பார்த்த பகுதி. இந்தியாவின் அகலப்பாதையில் இரு தண்டவாளங்களுக்கு இடையே 1676 மில்லிமீட்டர், அதாவது ஐந்தரை அடி. பக்கத்து அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு 1865-ல் போட்ட பாதை மூன்றரை அடிதான். பிற்பாடு அது மீட்டர் கேஜ் ஆனது. தென்னிந்திய ரயில்வே கம்பெனி 1890-களின் தொடக்கத்தில் காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா வழியாகப் போட்டது மீட்டர் கேஜ். காட்பாடியில் மெட்ராஸ் வண்டியை விட்டு இறங்கி, மூட்டை முடிச்சோடு சின்ன வண்டிக்கு மாறி ஊர் வந்து சேர்ந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2010 வாக்கில் இந்தப் பக்கத்து மீட்டர் கேஜ் எல்லாம் அகலப்பாதையாகிவிட்டது.

அந்த இரண்டு வண்டிகளையும் மனதில் வைத்துக்கொண்டு ஒரு கணக்கைப் பாருங்கள். சென்னை பெரம்பூரில் 1955-ல் தொடங்கிய ஐ.சி.எஃப். தொழிற்சாலை கட்டிய அகலப்பாதைப் பெட்டியின் அகலம் 3245 மில்லிமீட்டர். பாதை அகலத்தைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மீட்டர் கேஜ் பெட்டியின் அகலம் சுமார் 9 அடி. பாதையைப் போல் இரண்டே முக்கால் மடங்கு. டார்ஜிலிங் மலை ரயிலில் பாதை இரண்டே அடி. பெட்டியோ ஆறேழு அடி. மூன்று மடங்குக்கும் மேல்.

ஏன் இப்படி? பாதையை எவ்வளவு வேண்டுமானாலும் குறுக்கலாம். உட்காருகிறவரின் இடுப்பையும் தோளையும் குறுக்க முடியாது. வளர்ந்த ஒருவர் சௌகரியமாக உட்கார ஒன்றரை அடி அகலம் வேண்டும். உட்கார்ந்த நிலையில் பலகைக்கு மேல் தலைவரை சுமார் மூன்றடி வேண்டும். பாதை சின்னதாக ஆக ஆக, பெட்டி அதற்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். உள்ளே உட்காரும் சின்னப் பெட்டியின் முழுப் பிரச்சினையும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடுகிறது.

3. முன்னோர் கண்ட வழிகள்

இதை முதலில் முறையாக ஆராய்ந்தவர் இங்கிலாந்தின் சர் ஆர்தர் ஹேவுட். டெர்பி நகருக்கு அருகில் டஃபீல்டு பேங்க் என்ற தம் வீட்டுத் தோட்டத்தில் 1874-ல் பாதை போட ஆரம்பித்தார். அதற்கு முன் 9 அங்குலப் பாதை போட்டுப் பார்த்து, ஆள் ஏறினால் நிலைக்காது என்று கண்டு, 15 அங்குலத்துக்கு வந்தார். மனிதரை ஏற்றிச்செல்லும் மிகக் குறைந்த பாதை இதுதான் என்று முடிவுகட்டி 1881-ல் புத்தகமும் எழுதினார். அந்தப் பதினைந்து அங்குலத்தில் அவர் சாப்பாட்டுப் பெட்டியும் படுக்கைப் பெட்டியும்கூடக் கட்டி ஓட்டினார் என்றால் நம்புவீர்களா? 1896-ல் ஈட்டன் ஹால் என்ற பிரபு மாளிகைக்கும் அதே அளவில் ஒரு ரயில் போட்டுக் கொடுத்தார்.

பிரான்ஸ் நாட்டு டெகோவில் என்பவருடைய வழி வேறு. வயலில் விளைந்ததை வெளியே கொண்டுவரக் கையால் தூக்கி வைக்கும் சின்னத் தண்டவாளங்களை அவர் செய்தார். அதே வகைப் பாதை, 60 சென்டிமீட்டர் அகலத்தில், 1889 பாரிஸ் கண்காட்சியில் 60 லட்சம் பேருக்கு மேல் ஏற்றி இறக்கியது. விவசாய ரயில் ஜனங்களை ஏற்றும் ரயிலானது அப்படித்தான்.

அமெரிக்காவில் இன்னும் சுவையான ஒரு ஜோடி உண்டு. மிக்கி மவுஸ் புகழ் வால்ட் டிஸ்னி 1950-ல் தம் வீட்டுக் கொல்லையில் ஏழேகால் அங்குலப் பாதை போட்டார். அதில் பெட்டியின் மேலேதான் உட்கார முடியும். எருமை மேல் உட்காருவது போலக் காலை இருபுறமும் போட்டுக்கொள்ள வேண்டும். அவரிடமே வேலை பார்த்த ஓவியர் வார்டு கிம்பல் தம் கொல்லையில் போட்டதோ மூன்றடிப் பாதை. அதில் நிஜ எஞ்சின், நிஜப் பெட்டி, ஆள் உள்ளேயே ஏறி உட்காரலாம். டிஸ்னியின் ரயில் 1953-ல் கவிழ்ந்து, நீராவியால் ஒரு சிறுமிக்குக் காயம் ஏற்பட, அதோடு அதை நிறுத்திவிட்டார்.

நம் நாட்டில் குவாலியர் மகாராஜாக்கள் ரயில் பைத்தியத்துக்குப் பேர் போனவர்கள். அரண்மனைச் சாப்பாட்டு மேஜையில் வெள்ளி ரயில் ஓட்டியவர்கள். அந்த ஊரின் இரண்டடி ரயில் 2020 வரை ஓடியது.

4. கவிழுமா, கவிழாதா? ஒரு சின்னக் கணக்கு

குழந்தைகளை ஏற்றுகிற யாரும் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகக்கூடாது. தராசுத் தட்டு தெரிந்தவர்களுக்கு இந்தக் கணக்கும் தெரியும்.

ஒரு பெட்டி. காலியாக 400 கிலோ. அகலம் ஒரு மீட்டர். நடுவில் வழி இல்லாமல், வரிசைக்கு இருவராக நான்கு வரிசை; மொத்தம் எட்டுப் பேர். ஆளுக்கு 60 கிலோ. ஒருவர் உட்காரும் இடம் பெட்டியின் நடுக்கோட்டிலிருந்து 25 சென்டிமீட்டர் தள்ளி. பக்கவாட்டில் படிக்கட்டுப் பலகை இருந்தால், அதில் நிற்பவர் நடுக்கோட்டிலிருந்து 50 சென்டிமீட்டர் தள்ளி. பெட்டி கவிழ்வதானால் ஒரு பக்கத் தண்டவாளத்தை அச்சாகக் கொண்டு கவிழும். எனவே எல்லாத் தூரத்தையும் அந்தத் தண்டவாளத்திலிருந்து அளக்க வேண்டும்.

முதலில் ஹேவுடின் 15 அங்குலப் பாதை. பாதி அகலம் 19 சென்டிமீட்டர். பெட்டியை நிறுத்திப் பிடிப்பது 400 பெருக்கல் 19, அதாவது 7600. நான்கு பேர் ஒரே பக்கமாக உட்கார்ந்தால் அவர்கள் தண்டவாளத்துக்கு வெளியே 6 சென்டிமீட்டர். கவிழ்ப்பது 240 பெருக்கல் 6, அதாவது 1440. பயமில்லை. அந்த நால்வரும் எழுந்து ஒரு பக்கப் படிப்பலகையில் நின்றால்? வெளியே 31 சென்டிமீட்டர். 240 பெருக்கல் 31, அதாவது 7440. பார்த்தீர்களா! 7600-க்கு 7440. ஒரு குழந்தை எட்டிப்பார்த்தால் போதும், பெட்டி சாயும்.

அடுத்து ஏழேகால் அங்குலம். பாதி 9 சென்டிமீட்டர். பிடிப்பது 3600. நால்வர் ஒரு பக்கம் சும்மா உட்கார்ந்தாலே 240 பெருக்கல் 16, அதாவது 3840. நின்ற இடத்திலேயே கவிழ்ந்துவிடும். இந்தப் பாதையில் இருவர் அருகருகே உள்ளே உட்காரும் பெட்டி கூடவே கூடாது என்பது இப்போது விளங்கும். டிஸ்னி ரயிலில் ஏன் மேலே, ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்தார்கள் என்பதும் விளங்கும்.

கடைசியாக இரண்டடிப் பாதை. பாதி 30 சென்டிமீட்டர். உட்கார்ந்தவர்கள் தண்டவாளத்துக்கு உள்ளேயே இருக்கிறார்கள், கவிழ்க்கவே மாட்டார்கள். நால்வரும் படிப்பலகையில் நின்றாலும் 12000-க்கு எதிராக 4800 மட்டுமே.

இந்த எண்களை அப்படியே நம்பி எல்லைவரை போகக்கூடாது. ஸ்பிரிங் ஒரு பக்கம் அமுங்கினால் பெட்டி இன்னும் சாயும். பாதையில் பள்ளம் இருக்கும். பிள்ளைகள் சும்மா இருக்கமாட்டார்கள். பிடிக்கும் எண், கவிழ்க்கும் எண்ணைப் போல் மூன்று மடங்காவது இருக்க வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் விதி. இடம் இருக்கிறவர்கள் இரண்டடி போடுங்கள். இடம் குறைவு என்றால் 15 அங்குலம் போடுங்கள், ஆனால் படிப்பலகை வைக்காதீர்கள். அதற்குக் கீழே போகிறவர்கள் உள்ளே உட்காரும் ஆசையை விட்டுவிடுங்கள்.

5. தேர் சொல்லும் பாடம்

நம் தேரைப் பாருங்கள். கீழே கனத்த மரம், இழைத்துச் செதுக்கிய பாரம் எல்லாம் கீழ்ப்பாதியில். மேலே மூங்கிலும் துணியும் தோரணமும். அவ்வளவு உயரம் இருந்தும் நிற்கிறது என்றால், பாரம் எங்கே இருக்கவேண்டும் என்பது நம் ஸ்தபதிகளுக்குத் தெரிந்திருந்தது.

சின்னப் பெட்டிக்கும் அதே விதிதான். அடிச்சட்டம் கனத்த இரும்புச் சேனலில் இருக்கட்டும். தரைக்கு இரும்புத் தகடு. கூரை மட்டும் லேசாக, அலுமினியத் தகடோ ஃபைபரோ போதும். அழகுக்காகத் தேக்குக் கூரை போட்டு மேலே பாரம் ஏற்றாதீர்கள்.

இரண்டாவது உத்தி, தரையைக் கீழே இறக்குவது. முன் போகிக்கும் பின் போகிக்கும் நடுவில் சக்கரம் கிடையாது. அந்த இடத்தில் தரையைத் தொட்டி போலத் தண்டவாளத்திலிருந்து 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு இறக்கிவிடலாம். அதற்கு மேல் 30 சென்டிமீட்டரில் பலகை. அதற்கு மேல் தலைக்கு 90. ஆகக் கூரை ஒன்றரை மீட்டருக்குள் அடங்கும். ஏறுவதற்குப் படியும் தேவையில்லை; நாம் மேலே பயந்த படிப்பலகைச் சங்கதியே ஒழிந்தது. கிழவியும் தூக்கிவிடாமல் ஏறலாம்.

6. சக்கரமும் போகியும்

சக்கரத்துக்குக் கிணற்றுக் கப்பியையும் வார்ப்பிரும்பு உருளையையும் மாட்டிச் செலவை மிச்சம் பிடிக்கிறவர்கள் உண்டு. வேண்டாம். எஃகில் லேத்தில் கடைந்த சக்கரமாக இருக்கட்டும். உட்பக்கம் விளிம்பு. தண்டவாளத்தில் உருளும் பரப்பு தட்டையாக இல்லாமல் சற்றே கூம்பாக இருக்க வேண்டும். நம் ரயில்வேயில் நெடுங்காலமாக இருந்துவரும் சரிவு இருபதுக்கு ஒன்று.

இந்தக் கூம்பில்தான் ரயிலின் சூட்சுமம் இருக்கிறது. அச்சின் இரு சக்கரங்களும் அச்சோடு இறுகி ஒன்றாகவே சுற்றுகின்றன. வளைவில் வெளித் தண்டவாளம் நீளம், உள் தண்டவாளம் குட்டை. அச்சு சற்று வெளிப்பக்கம் நகர்ந்ததும், வெளிச் சக்கரம் தன் பெரிய சுற்றிலும், உள் சக்கரம் தன் சின்னச் சுற்றிலும் உருளத் தொடங்கும். வண்டி தானே திரும்பிக்கொள்கிறது. விளிம்பு என்பது கடைசிக் காவல். அதுவே எப்போதும் உரசிக்கொண்டு ஓடினால் பாதையும் தேயும், சக்கரமும் தேயும்.

தோப்புப் பாதை சமதளமாக இருக்காது. மழைக்கு ஒரு பக்கம் இறங்கும். நான்கு சக்கரத்தையும் விறைப்பான ஒரே சட்டத்தில் மாட்டினால், மூன்று கால் தரையில் இருக்க ஒரு கால் தூக்கி நிற்கும் நாற்காலி மாதிரி, ஒரு சக்கரம் எழும்பும். எழும்பிய சக்கரம்தான் தடம்புரளும். ஆகவே போகியின் இரண்டு பக்கச் சட்டங்களும் ஒன்றுக்கொன்று சற்று ஏறி இறங்கும்படி இருக்க வேண்டும். அச்சுக்கு மேல் ஸ்பிரிங் வேண்டும். இரண்டு போகிகளில் ஒன்றின் மேல் பெட்டி இரு ஓரத்திலும் தாங்கி உட்காரட்டும். மற்றதன் மேல் நடு முளையில் மட்டும் உட்காரட்டும். மூன்று கால் முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது அல்லவா?

வளைவில் இன்னொன்று. போகிகள் 3 மீட்டர் இடைவெளியில் இருந்து, வளைவின் ஆரம் 15 மீட்டரானால், பெட்டியின் நடுப்பகுதி ஏழரை சென்டிமீட்டர் உள்பக்கம் தள்ளி வரும். இரு முனைகளும் வெளியே போகும். மாமரத்தையும் மேடையையும் அதற்குத் தக்கபடி விலக்கி வையுங்கள். ஜன்னலுக்குக் குறுக்குக் கம்பி கட்டாயம். பிள்ளைகள் கையை நீட்டுவார்கள். நீட்டாதே என்று எழுதி வைப்பதால் பயனில்லை.

7. வேகமும் முட்டுக்கட்டையும்

அதே 15 மீட்டர் வளைவில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகம் என்றால், ஆள் ஏறிய பெட்டியின் பாரம் சுமார் 3 சென்டிமீட்டர் வெளியே நகர்ந்தது போல இருக்கும். நம்மிடம் இருப்பது 19. தாராளம். வேகத்தை இரட்டித்து 20 ஆக்கினால் 6 ஆகாது. ஏறக்குறைய 12 ஆகிவிடும். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளுவிசை நான்கு மடங்கு. தோப்பு ரயிலுக்கு ஓடுகிற வேகமே தேவையில்லை, நடக்கிற வேகத்துக்குச் சற்று மேலே போதும்.

நிறுத்துவதைப் பற்றி முட்டுக்கட்டை என்ற சொல்லே நமக்குச் சொல்கிறது. தேரை இழுக்க ஆயிரம் பேர் இருக்கலாம். சக்கரத்துக்கு அடியில் கட்டை போடுகிறவர் இல்லாமல் தேர் புறப்படாது. எஞ்சினில் மட்டும் பிரேக் வைத்தால் போதாது. அயர்லாந்தில் ஆர்மா என்ற ஊரில் 1889 ஜூன் 12 அன்று, பள்ளிப் பிள்ளைகளும் பெற்றோரும் உல்லாசப் பயணம் போன ரயில் மேட்டில் ஏற முடியாமல் நின்றது. வண்டியைப் பிரித்தார்கள்; பிரிந்த பெட்டிகள் சரிவில் பின்னோக்கி ஓடி, எதிரே வந்த ரயிலில் மோதின. 80 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டே பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது: பயணிகள் வண்டியில் எல்லாப் பெட்டிக்கும் பிரேக் வேண்டும், கப்ளிங் அறுந்தால் அது தானாகவே பிடிக்க வேண்டும்.

நம் நீலகிரி மலை ரயிலில் இந்தப் பாடத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். பன்னிரண்டரைக்கு ஒன்று என்ற சரிவில், பெட்டிக்குப் பெட்டி பிரேக் பிடிக்கும் ஊழியர் நிற்கிறார். எஞ்சின் கீழ்ப்பக்கம் நின்று பெட்டிகளை மேலே தள்ளுகிறது. பெட்டி அறுந்து ஓட வழியே இல்லை. தோப்பு ரயிலிலும் பெட்டிக்கு ஒரு பிரேக், ஸ்பிரிங் தானே அழுத்திப் பிடிக்கும்படியும், காற்றோ வேக்குவமோ அதை விடுவிக்கும்படியும் இருக்கட்டும். குழாய் அறுந்தால் வண்டி நிற்கும். கப்ளிங்கோடு கூட இரண்டு பாதுகாப்புச் சங்கிலியும் போடுங்கள்.

8. நம்மால் முடியுமா?

தாராளமாக முடியும். கரூரில் பஸ் பாடி கட்டுகிறார்கள். நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிறார்கள். திருப்பதியிலும் சித்தூரிலும் லேத் பட்டறைகளுக்குக் குறைவில்லை. நீராவி எஞ்சின் காலம் முடிந்தது என்று நினைத்திருந்தபோது, நம் திருச்சி பொன்மலைப் பணிமனை நீலகிரிக்காக நிலக்கரியில் ஓடும் எஞ்சினை 2021-ல் புதிதாகவே கட்டிக் கொடுத்தது. கைத்திறன் நம்மிடம் இருக்கிறது. குறைவது, கட்டுவதற்கு முன் கணக்குப் போட்டுப் பார்க்கும் பொறுமை.

கட்டி முடித்ததும் பிள்ளைகளை ஏற்றிவிடாதீர்கள். ஆளுக்கு அறுபது கிலோ என்று மணல் மூட்டை வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே பக்கம் வைத்து, நின்ற வண்டியைப் பாருங்கள். எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு காகிதம் நுழைகிறதா? நுழைந்தால் அந்தப் பெட்டி ஓடக்கூடாது. நுழையாவிட்டால் மெதுவாக வளைவில் ஓட்டுங்கள். சரிவில் கப்ளிங்கைக் கழற்றிவிட்டு, பெட்டி தானாக நிற்கிறதா என்று பாருங்கள். மூட்டையோடு பத்து நடை போய் வந்த பிறகு நீங்கள் ஏறுங்கள். அதற்கப்புறம் பிள்ளைகள்.

நம் சங்கத்துக் குடும்பங்களில் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். விடுமுறையில் நாலு பேர் சேர்ந்து காகிதத்தில் ஒரு பெட்டியை வரைந்து, மேலே சொன்ன மூன்று பெருக்கல் கணக்கையும் தம் அளவுகளுக்குப் போட்டுப் பார்க்கட்டும். வரைபடத்தோடு யார் வந்தாலும், தெலுங்கில் கேட்டாலும் தமிழில் கேட்டாலும், உட்கார்ந்து பேச நான் தயார்.